இதெல்லாம் எதற்கு? சொந்தத் தேவைக்கு எழுதிய நிரல்கள், பிரித்துப் போட்ட கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் வேறு வேலை. இரவிலும் விடுமுறையிலும் எனக்கு வேண்டிய சின்னச் சின்ன நிரல்களை எழுதுகிறேன். பழைய ரவுட்டர், ரிமோட், மின்நூல் கருவி என்று கைக்குக் கிடைத்ததைப் பிரிக்கிறேன். அவற்றில் சில மறுபடி மூடப்படுவதும் உண்டு. என் மேசையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

இதைவிட நல்லது கடையில் கிடைக்குமே, ஏன் மெனக்கெட வேண்டும்?

கிடைக்கும். நான் செய்வதைவிடப் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் அது லட்சம் பேரை மனதில் வைத்துச் செய்தது. என்னுடையதற்கு ஒரே ஒரு பயனர்தான், அது நான்.

ஓர் உதாரணம். துணி துவைக்கும் இயந்திரம் கடைசி அறையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அது எழுப்பும் சத்தம் என் காதுக்கு எட்டாது. ஈரத்துணி பல மணி நேரம் உள்ளேயே கிடக்கும். இதற்காகச் செயலியோடு வரும் புதிய இயந்திரம் வாங்கலாம், அதில் ஒரு கணக்குத் தொடங்கலாம், ஒருநாள் அந்த நிறுவனம் சர்வரை மூடிவிட்டால் பேந்தப் பேந்த விழிக்கலாம். நான் செய்தது, இயந்திரத்தின் முதுகில் ஓர் அதிர்வு உணரியையும் ஈஎஸ்பி 8266 என்ற, வைஃபை உள்ள குட்டிக் கணினி போர்டையும் ஒட்டியதுதான். அதிர்வு நின்று 4 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் போனுக்குச் செய்தி வரும்.

அந்த 4 எங்கிருந்து வந்தது? முதலில் 1 நிமிடம் என்று வைத்திருந்தேன். துவைப்பதற்கும் அலசுவதற்கும் நடுவே இயந்திரம் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அதனால் ஒரு சுமைக்கு மூன்று தடவை “முடிந்தது” என்று செய்தி வந்தது. 2 என்று மாற்றினேன், 3 என்று மாற்றினேன், 4-இல் அடங்கியது. என் இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும் எண் அது. அதை மாற்றத் தனித் திரை எதுவும் கிடையாது, கோடை, அதாவது நிரல் வரிகளைத் திறந்து திருத்துவேன். கடவுச்சொல்லை மீட்கும் வசதியும் கிடையாது, ஏனென்றால் கடவுச்சொல்லே கிடையாது. பயனர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டால் மென்பொருள் எழுதும் வேலையில் முக்கால்வாசி காணாமல் போய்விடும். கீழே நான் சொல்லும் பலவும் இதிலிருந்து வருவதுதான்.

ஹேக்கிங் என்றால் திருட்டுத்தனம் இல்லையா?

செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் சொல்லின் பழைய பொருள் வேறு. 1950களில் அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரியில் பொம்மை ரயில் விட்டுக்கொண்டிருந்த மாணவர் கழகம் ஒன்று இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் மின்சுற்றுகளைச் சாமர்த்தியமாக மாற்றியமைப்பதைத்தான் அவர்கள் ‘ஹேக்’ என்றார்கள். நான் செய்வதும் அந்த வகை. என் பொருளை நானே பிரித்து, அது செய்யாத ஒன்றைச் செய்ய வைப்பது. அடுத்தவர் பொருளில் கை வைத்தால் அதற்குப் பெயர் வேறு.

நிரலாக்கம் தெரியும், மின்னணுவியல் சுத்தமாகத் தெரியாது. தொடங்கலாமா?

தாராளமாக. நானும் அப்படி வந்தவன்தான். ஓம் விதியும் மல்டிமீட்டரும் போதும். மல்டிமீட்டரில்கூட ஆரம்பத்தில் வேண்டியவை இரண்டே: நேர்மின்னோட்டத்தின் (டிசி) வோல்ட் அளப்பது, இரண்டு முனைகளுக்கு நடுவே இணைப்பு இருந்தால் ‘பீப்’ என்று கத்தும் வசதி.

நிரலர்களைக் கவிழ்ப்பது ஒன்றுதான். கோடில் தவறு செய்தால் பிழைச்செய்தி வரும், திருத்திக்கொள்ளலாம். போர்டில் வயர் மாட்டும் முனைக்குப் ‘பின்’ என்று பெயர். 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் எந்தச் செய்தியும் வராது. சில சமயம் உடனே செத்துவிடும். சில சமயம் ஒரு மாதம் ஓடி, பிறகு புரியாத மாதிரி தடுமாறும். இரண்டாவது வகைதான் கொடுமை, பிழை கோடில்தான் இருக்கிறது என்று வாரக்கணக்கில் தேடவைக்கும்.

எந்த போர்டு வாங்குவது?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடிப்படையை மட்டும் கற்க ஆர்டுயினோ ஊனோ இன்னும் நல்ல போர்டு. 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் நினைவகம், நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் ஃபிளாஷ். இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுக்குள் எழுதிப் பழகியவர்கள் பிறகு எங்கே போனாலும் சிக்கனமாக எழுதுவார்கள். தவிர, அது 5 வோல்ட் போர்டு, முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

வைஃபை வேண்டுமென்றால் ஈஎஸ்பி 8266, அல்லது அதன் தம்பி ஈஎஸ்பி 32. என் திட்டங்களில் பத்துக்கு ஏழு இவற்றில்தான் ஓடுகின்றன. இவை 3.3 வோல்ட் ஆசாமிகள், மேலே சொன்ன எச்சரிக்கை இவற்றுக்குத்தான். இன்னொரு பொறியும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் 8266 போர்டுகளில் ‘டி1’ என்று அச்சிட்டிருக்கும் பின், சில்லின் கணக்கில் ஜிபிஐஓ 5. ‘டி4’ என்பது ஜிபிஐஓ 2. முதல் வாரம் எல்லோரும் இதில் விழுந்து எழுவார்கள்.

ராஸ்ப்பெர்ரி பை வேறு ஜாதி. 2012-இல் வந்த முதல் மாடலிலிருந்தே அது லினக்ஸ் இயங்குதளம் ஓடும் முழுக் கணினி. ஒரு விளக்கை ஏற்றி அணைக்க அது தேவையில்லை. அதே பெயரோடு 2021-இல் வந்த பிக்கோ அப்படியல்ல, 264 கிலோபைட் நினைவகம் கொண்ட மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஊனோ மாதிரி கருவிகளைக் கட்டுப்படுத்தும் குட்டி போர்டு. பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மொழியில் எழுதுகிறீர்கள்?

கணினியில் பைத்தான், போர்டில் சி++. அடுத்த கேள்வி.

போட்டோக்களை அடுக்கும் நிரலைப் பற்றிச் சொல்லுங்கள். ஏதோ விபத்து நடந்ததாமே?

நடந்தது. பல ஆண்டுப் போட்டோக்கள் நாலைந்து வன்தட்டுகளில் கலந்து கிடந்தன. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுதி இருக்கும், எடுத்த தேதியும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். அதைப் படித்து ஆண்டுக்கு ஒரு கோப்புறை போட்டு, படத்தை அங்கே நகர்த்தும் நிரல் ஒன்று எழுதினேன். நாற்பது வரிதான் இருக்கும்.

இப்போது டிஜிட்டல் கேமரா கோப்புக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தைக் கவனியுங்கள். டிசிஎஃப் என்ற தரநிலைப்படி பெயரின் கடைசி நான்கு இடங்கள் எண்கள், 0001 முதல் 9999 வரை. அதைத் தாண்டினால் மறுபடி 0001. இரண்டு கேமராக்கள் இருந்தால் சுற்றி வரவே வேண்டாம், ஒரே ஆண்டில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் சாதாரணமாக இருக்கும். ஒரே கோப்புறைக்குள் இரண்டும் வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

யோசிக்காததற்கு ஒரு காரணமும் இருந்தது. நிரலை எழுதிச் சோதித்தது விண்டோஸில். அங்கே பைத்தானின் பெயர் மாற்றும் கட்டளை, அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். உண்மையான படங்கள் இருந்தது லினக்ஸ் கணினியில். அங்கே அதே கட்டளை சத்தமே போடாமல் பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடும். நிரல் ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாள் கழித்து ஒரு குறிப்பிட்ட படத்தைத் தேடியபோதுதான், எண்ணிக்கையில் நூற்றுக்கும் மேல் குறைவது தெரிந்தது. பாதி ஒரு பழைய நகலில் கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

இப்போது அந்த நிரல் எதையும் நகர்த்துவதில்லை, நகலெடுக்கிறது. முதல் ஓட்டத்தில் என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் அச்சிடும். நான் பார்த்துச் சரி என்றால்தான் இரண்டாவது ஓட்டம். ஒவ்வொரு படத்துக்கும் ஷா-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் ஒரு நீண்ட எண்) கணக்கிட்டு, பெயர் ஒன்றாக இருந்து கைரேகை வேறாக இருந்தால் பெயரோடு சில எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. முடிவில் போன எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. நாற்பது வரி இப்போது முந்நூறு வரி. பயனர் ஒருவர்தான் என்று எவ்வளவோ விஷயத்தை விட்டுவிடலாம். அந்த ஒருவரின் கோப்புகளை அழிக்காமல் இருப்பதை மட்டும் விட முடியாது.

தொலைந்த ரிமோட்டுக்குப் பதிலாக ஒன்று செய்தீர்களாமே, எப்படி?

தொடக்கத் திட்டமாக இதைத்தான் பரிந்துரைப்பேன். ரிமோட் என்பது கண்ணுக்குத் தெரியாத டார்ச் விளக்கு, அவ்வளவுதான். போனின் முன்பக்கக் கேமராவை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் அது மினுக்குவது தெரியும்.

நொடிக்கு 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அனுப்புகிறது. பல ரிமோட்டுகள் பேசும் என்ஈசி முறையில், முதலில் 9 மில்லிநொடி ஒளி, அப்புறம் 4.5 மில்லிநொடி இருட்டு. “கவனி” என்பதற்கான கனைப்பு அது. பிறகு 32 பிட்கள். ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன ஒளித்துடிப்பில் தொடங்கும். அதற்குப் பின் வரும் இருட்டு குட்டையாக இருந்தால் 0, ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டால் 1. முகவரியும் அதன் தலைகீழும் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), கட்டளையும் அதன் தலைகீழும் அடுத்தடுத்து வரும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒளியைப் பெறும் கருவி அந்தச் செய்தியைக் குப்பையில் போட்டுவிடும். பிழை கண்டுபிடிக்க எவ்வளவு மலிவான உத்தி!

38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்றை போர்டில் இணைத்து, வேலை செய்யும் ரிமோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். அகச்சிவப்பு எல்இடி ஒன்றின் வழியாக அதே எண்களைத் திருப்பி அனுப்பலாம். எல்இடியைப் பின்னில் நேராக மாட்டாதீர்கள், நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். இல்லையென்றால் மேசைக்கு அந்தப்பக்கம்கூட எட்டாது.

ஏசி ரிமோட் மட்டும் விதிவிலக்கு. அதில் ‘குளிர் கூட்டு’ என்று ஒரு கட்டளை பொதுவாக இருக்காது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெப்பநிலை, விசிறி வேகம், முறை என்று முழு நிலையையும் ஒரே மூச்சில் அனுப்பும். ஒரு பொத்தானைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினால், பதிவு செய்த அன்றைய நிலைக்கே ஏசி திரும்பத் திரும்பப் போகும். இது புரிய எனக்கு ஒரு முழு விடுமுறை நாள் ஆனது.

பேட்டரியில் பல ஆண்டு ஓடும் என்கிறார்கள். என்னுடையது பத்தே நாளில் படுத்துவிட்டது. ஏன்?

போர்டைப் பாருங்கள். சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறதா? குற்றவாளிகளில் அதுவும் ஒன்று.

தொட்டிச் செடியின் மண் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றில் நானும் இதே பாடத்தைப் படித்தேன். ஈஎஸ்பி 8266 ஆழ்ந்த உறக்கத்தில் சுமார் 20 மைக்ரோஆம்ப் மட்டும் இழுக்கும். 2000 மில்லிஆம்ப்மணி பேட்டரியை அதால் வகுத்தால் 1,00,000 மணி நேரம், அதாவது 11 ஆண்டுக்கும் மேல். காகிதத்தில். ஆனால் அந்தக் கணக்கு சில்லுக்கு மட்டும். போர்டில் மின்னழுத்தச் சீராக்கி, யூஎஸ்பி சில்லு, விளக்கு எல்லாம் இருக்கின்றன, அவை உறங்குவதில்லை. மலிவு போர்டுகளில் இருக்கும் 1117 வகைச் சீராக்கி சும்மா இருக்கவே 5 மில்லிஆம்ப் கேட்கும். எல்லாம் சேர்ந்து 8 மில்லிஆம்ப் என்றால் 250 மணி நேரம். உங்கள் பத்து நாள் கணக்கு அதுதான்.

சரி, வெற்றுச் சில்லையும் சிக்கனமான சீராக்கியையும் போட்டாயிற்று. அடுத்த எதிரி, விழித்திருக்கும் நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, 5 நொடி வைஃபையில் பேசி, அப்போது சராசரி 80 மில்லிஆம்ப் இழுத்தால், மொத்தச் சராசரி 0.44 மில்லிஆம்ப். உறக்கத்தில் செலவாவதைப் போல 22 மடங்கு. பேட்டரி ஆறு மாதம் வரும். செடியின் ஈரம் கால் மணிக்கு ஒரு தடவை மாறிவிடப் போவதில்லையே, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும் என்று மாற்றினேன். சில்லின் உறக்கக் கடிகாரம் ஒரே வீச்சில் அவ்வளவு நேரம் தாங்காது. மணிக்கொரு முறை வைஃபையைத் தொடாமல் விழித்து, எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டு மறுபடி படுத்துவிடும். ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் காத்திருக்காமல் நிலையான முகவரியைக் கோடிலேயே எழுதியதில் விழித்திருக்கும் நேரமும் குறைந்தது.

இரண்டு உபரிக் குறிப்புகள். 8266 உறக்கத்திலிருந்து தானாக எழ ஜிபிஐஓ 16 பின்னை ரீசெட் பின்னோடு இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது கும்பகர்ணன்தான். இரண்டு உலோகக் கம்பிகளை மண்ணில் குத்தும் வகை ஈர உணரியை வாங்காதீர்கள். மின்னோட்டம் பாய்ந்து கம்பி அரித்துப் போகும். கொண்மம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) அளக்கும் வகை நின்று உழைக்கும்.

சின்னத் திரையில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாக, அல்லது கொம்பு இடம் மாறி வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடுக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஆர்டுயினோவோடு வரும் எளிய எழுத்து நூலகங்கள் ஒரு பைட்டுக்கு ஒரு படம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அவற்றிடம் ‘தமிழ்’ கொடுத்தால் 15 குப்பைகள் வரும்.

தமிழ் எழுத்துருவைச் சேர்த்துவிட்டால் சரியாகுமா என்றால், பாதிதான். ‘கெ’ என்பது நினைவகத்தில் முதலில் க, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் இருக்கும். திரையில் கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். ‘கொ’ இன்னும் மோசம், குறி இரண்டாகப் பிளந்து ககரத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். ‘கு’, ‘டு’, ‘சு’ எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வடிவங்கள். கணினியிலும் போனிலும் இந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல்கள் இருக்கின்றன. 2 கிலோபைட் நினைவகத்தில் அதற்கு இடமேது? 128 × 64 புள்ளி ஓஎல்இடி திரையின் படத்தை வைத்திருக்கவே 1024 பைட் போய்விடுகிறது. ஊனோவின் பாதிச் சொத்து.

முதலில் வீம்புக்கு நானே ஒரு குட்டி வடிவமைப்பி எழுதினேன். உயிர்மெய் அத்தனைக்கும் புள்ளிப் படம் வரைந்து அட்டவணை போட்டேன். 216 உயிர்மெய், அதோடு கிரந்தம் என்று இரண்டு மாதம் போனது. நன்றாகவே வந்தது. பிறகு ஓர் எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது, அன்றே கைவிட்டேன்.

இப்போது செய்வது சோம்பேறி வழி. கணினியில் பைத்தானின் பில்லோ நூலகத்தால் வாக்கியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, அந்த 1024 பைட்டை மட்டும் வைஃபை வழியே போர்டுக்கு அனுப்புகிறேன். போர்டுக்குத் தமிழும் தெரியாது, எழுத்தும் தெரியாது, புள்ளிகளை வைக்கும். ஒரே கவனம், பில்லோவை ராக்ம் என்ற துணை நூலகத்தோடு நிறுவியிருக்க வேண்டும். அது இல்லாமல் வரைந்தால் பில்லோவும் கொம்பை இடம் மாற்றித்தான் போடும்.

தேடலிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது க-வோடு கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்று, பைட்டுகள் வேறு. என் குறிப்புகளில் ‘கொடுத்த’ என்று தேடினால் பாதிதான் கிடைத்தது. சேமிக்கும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யுனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றும் ஒற்றை வரியைச் சேர்த்ததும் தீர்ந்தது.

ரவுட்டரைத் திறந்து உள்ளே நுழைவது எப்படி?

மூடியைத் திறந்ததும் வரிசையாக நான்கு துளைகளோ பட்டைகளோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது யூஏஆர்டி எனும் தொடர் வாயில் (கருவி கணினியோடு எழுத்தில் பேசும் இணைப்பு), தொழிற்சாலையில் சோதிக்க வைத்தது. மின்சாரம் இல்லாதபோது மல்டிமீட்டரின் பீப்பை வைத்துத் தரை முனையைக் கண்டுபிடியுங்கள். மின்சாரம் கொடுத்ததும் அசையாமல் 3.3 வோல்ட் காட்டுவது மின்வழங்கி, அதைத் தொடவேண்டாம். கருவி எழும்போது வோல்ட் துள்ளித் துள்ளி மாறும் முனைதான் அது பேசும் வாய். மிச்சமிருப்பது காது.

யூஎஸ்பி தொடர் மாற்றி ஒன்றை 3.3 வோல்ட்டில் வைத்து, அதன் காதை இதன் வாயோடும் இதன் காதை அதன் வாயோடும் இணையுங்கள், தரையைத் தரையோடு. வேகம் 115200 என்று வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தும். குப்பையாக வந்தால் 57600, 38400. லினக்ஸ் எழும் வரிகள் திரையில் ஓடத் தொடங்கும் அந்த நொடியின் சந்தோஷம் தனி.

ரவுட்டர்களில் மாற்று மென்பொருள் போடும் வழக்கம் பரவியது லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல ரவுட்டரால். 2002-இல் வந்த அதற்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும். 2003-இல் தரப்பட்டது. அதிலிருந்து 2004-இல் முளைத்ததுதான் இன்று நான் பயன்படுத்தும் ஓபன்டபிள்யூஆர்டி.

எத்தனை கருவிகளைச் செங்கல் ஆக்கியிருக்கிறீர்கள், அதாவது எழவே எழாதபடி கெடுத்திருக்கிறீர்கள்?

ஐந்து. மூன்று பிழைத்தன.

மறக்க முடியாதது ஒரு ரவுட்டர். மாடல் எண்ணைச் சரிபார்த்தேன், அடிப்பக்க ஒட்டியில் சின்ன எழுத்தில் இருந்த வன்பொருள் பதிப்பு எண்ணைச் சரிபார்க்கவில்லை. ஒரே மாடலின் இரண்டு பதிப்புகளுக்கு உள்ளே இருக்கும் சில்லுகளே வேறாக இருக்கலாம். தவறான ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருளை) போட்டேன். விளக்கு எரிந்தது, தொடர் வாயிலில் ஓர் எழுத்துகூட வரவில்லை, கருவியை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடரும் போயிருந்தது.

எட்டுக் கால் ஃபிளாஷ் சில்லின் மேல் கிளிப் மாட்டி நிரலேற்றியால் படித்தேன். மூன்று முறை படித்து மூன்று விதமான கோப்பு கிடைத்தது. கிளிப் கொடுக்கும் மின்சாரம் சில்லோடு நிற்காமல் பலகை முழுவதற்கும் கசிந்து, பாதி எழுந்த செயலியும் அதே சில்லோடு பேச முயன்றுகொண்டிருந்தது. சில்லைச் சூடாக்கிக் கழற்றித் தனியாகப் படித்தபின் இரண்டு நகலும் ஒத்துப்போயின. அப்புறம்தான் எழுதினேன். வைஃபை அலைக்கான அளவீட்டு எண்கள் அந்தச் சில்லின் ஒரு மூலையில் இருக்கும். அவை ஒவ்வொரு கருவிக்கும் தனி, அழிந்தால் வேறெங்கும் கிடைக்காது. நல்ல வேளை, அந்த மூலையை என் தவறு தொடவில்லை. அன்றிலிருந்து எதை மாற்றுவதற்கு முன்பும் முழு நகல் எடுத்து, இரண்டு முறை எடுத்து, ஒப்பிடுகிறேன்.

எதையெல்லாம் திறக்கவே மாட்டீர்கள்?

மைக்ரோவேவ் அடுப்பு, பழைய குழல் டிவி. இரண்டிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கி நிற்கும். பொழுதுபோக்குக்காக உயிரைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

சாதாரண அடாப்டர்களையும் லேசாக நினைக்கவேண்டாம். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் நிற்கும். கேமரா ஃபிளாஷிலும் 300 வோல்ட் அளவுக்கு இருக்கும். என் திட்டங்கள் எல்லாம் 5 வோல்ட் யூஎஸ்பியோடு நின்றுவிடும், சுவர் மின்சாரத்தை மாற்ற வேண்டியிருந்தால் மூடிய, சான்றிதழ் பெற்ற ரிலே பிளக் வாங்கிவிடுவேன். சால்டரிங் செய்தால் சன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள். புகை, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையிலிருந்து வருவது, ஈயம் விரலில் ஒட்டுவது.

இது சட்டப்படி சரியா?

உங்கள் சொந்தப் பொருளைத் திறப்பதை யாரும் பொதுவாகத் தடுப்பதில்லை, உத்தரவாதம் மட்டும் போகலாம். டிஜிட்டல் பூட்டை உடைத்து உள்ளடக்கத்தை நகலெடுப்பது, ரேடியோ சக்தியை அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றுவது ஆகிய இரண்டும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் இடங்கள். ஓபன்டபிள்யூஆர்டியில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கிறதே, அதில் பொய் சொல்லாதீர்கள்.

உங்கள் கோடைத் தருவீர்களா?

சிலவற்றைத் தருவேன், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமத்தோடு. உரிமம் எதுவும் போடாமல் வெளியிட்டால் எல்லோருக்கும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு, உரிமம் இல்லையென்றால் அதை நகலெடுக்க யாருக்கும் அனுமதி இல்லை என்றே பொருள்.

துணி இயந்திர நிரலைத் தரமாட்டேன். அதில் என் வைஃபை கடவுச்சொல் எழுதியிருக்கிறது, அந்த 4 நிமிடக் கணக்கு உங்கள் வீட்டில் பொய்க்கும், பிறகு “வேலை செய்யவில்லை” என்று கேட்பீர்கள். அந்த நிமிடமே எனக்கு இரண்டாவது பயனர் வந்துவிடுவார். எப்படிச் செய்தேன் என்று உட்காரவைத்து விளக்கச் சொன்னால் ஒரு மாலை முழுக்கச் சொல்வேன்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் எழுதித் தந்துவிடுமே?

தருகிறது, நானும் கேட்கிறேன். தேதிகளைப் பிரித்தெடுப்பது போன்ற சலிப்பான பகுதிகளில் நேரம் மிச்சம். பின் எண்ணையும் வோல்ட்டையும் மட்டும் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில்) பார்க்காமல் நம்புவதில்லை. கோடு தவறினால் மறுபடி கேட்கலாம், சில்லு புகைந்தால் யாரைக் கேட்பது?

பாதியில் நிற்கும் திட்டங்கள் உறுத்தவில்லையா?

முன்பு உறுத்தியது. இப்போது ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன்: எதுவரை வேலை செய்கிறது, எந்தப் பின்னில் எது, ஏன் நின்றது, அடுத்து என்ன நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறப்பவனுக்கு என் முகம்தான் இருக்கும், ஆனால் ஒன்றும் நினைவிருக்காது. குறிப்பு இல்லாத காலத்துப் பெட்டிகள் மூன்று இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நீல வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

என்னிடம் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினால் பேட்டரி உப்பியிருக்கலாம். குத்தவோ நெம்பவோ வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஆடவில்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வைஃபை, கேமரா, மின்வெட்டுக்குத் தாங்கும் பேட்டரி எல்லாம் கொண்ட லினக்ஸ் கணினி. டெர்மக்ஸ் என்ற செயலியை நிறுவினால் பைத்தானையும், நிரலின் பழைய பதிப்புகளைக் காக்கும் ‘கிட்’ கருவியையும் அதற்குள் நிறுவிக்கொள்ளலாம். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் போட்டால் வழக்கமான 22-க்குப் பதிலாக 8022 என்ற வாயிலில் கேட்கும், இங்கே நான் அரை மணி நேரம் முழித்தேன். பேட்டரிச் சிக்கனத்துக்காக ஆண்ட்ராய்டு பின்னணியில் ஓடுவதைக் கொன்றுவிடும், டெர்மக்ஸுக்கு அதிலிருந்து விலக்கு கொடுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே விட்டால் பேட்டரி உப்பக்கூடும். நேரம் வைத்து அணையும் பிளக் ஒன்றில் மாட்டி, தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் கொடுக்கிறேன்.

துணி இயந்திரத்தின் செய்தியை வாங்கி எனக்கு அனுப்புவது அப்படி ஒரு போன்தான். கீழே விழுந்து திரை நொறுங்கியது. அந்த வேலைக்குத் திரை தேவைப்படவில்லை.